பிரேக் பின்னாடி இருக்கு, மேடம்!

விடுதி வாசலில் நின்ற காவலாளி, மேட்டுப்பாதையில் ஏறி வந்த காரைப் பார்த்ததும் இரண்டு எட்டு பின்னால் போய், பூந்தொட்டிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டார்.

அவரைக் குறை சொல்ல முடியாது. காரின் தலையில் முக்கோணப் பலகை. முன்பக்கம் சிவப்பில் பெரிய ‘எல்’. பின்பக்கம் ‘பழகுகிறோம், பொறுத்தருள்க’ என்று கொட்டை எழுத்து.

ஆனால் கார் இம்மி பிசகாமல் கோட்டுக்குள் போய் நின்றது. ஓட்டுநர் இருக்கையிலிருந்து இறங்கிய பெண்மணிக்கு நாற்பத்தெட்டு வயது இருக்கும். குளிருக்குக் கழுத்தைச் சுற்றிக் கம்பளித் துண்டு, கையில் சாவிக்கொத்து.

“யாரும்மா பழகறது?” என்றார் காவலாளி, தொட்டிக்குப் பின்னாலிருந்தே.

“பழகற ஆளு பக்கத்து சீட்ல இருக்கார். ஓட்டினது நான். வெளியில வாங்க, அந்தத் தொட்டியெல்லாம் உங்களைக் காப்பாத்தாது.”

பக்கத்து இருக்கையிலிருந்து ஒரு மனிதர் சிரித்துக்கொண்டே இறங்கினார்.

அந்தப் பெண்மணியை ஊரில் எல்லோரும் ‘மேடம்’ என்றுதான் கூப்பிடுவார்கள். இருபது வருடமாக டிரைவிங் ஸ்கூல் நடத்துகிறார். டாக்டர், தபால்காரர், கல்யாணப் பெண் என்று அவரிடம் திட்டு வாங்காமல் ஊரில் லைசென்ஸ் வாங்கியவர் யாருமில்லை. கூட வந்தவர் அவருடைய கணவர். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார். ஆகவே, அவர் கண்ணாடிக்காரர்.

கண்ணாடிக்காரருக்கு லைசென்ஸ் கிடையாது. பதினோரு வருடமாக மனைவியிடமே பழகிக்கொண்டிருக்கிறார். நான்கு தடவை டெஸ்டுக்குப் போனார். நான்கு தடவையும் கடைசிக் கம்பத்தில் கொண்டுபோய் இடித்தார். பழகுநர் லைசென்ஸை மட்டும் விடாமல் புதுப்பித்துக்கொண்டிருந்தார். வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். எங்கள் ஊரில் வாத்தியாரம்மா புருஷனும் மக்கு என்று கடைத்தெருவில் ஒரு புதுமொழியே உருவாகிவிட்டது. அவர் அதற்கும் சிரிப்பார்.

ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்குக் கல்யாணமாகி இருபத்தைந்து வருடம். வெளியூரில் வேலை பார்க்கும் மகள், விடுதியில் மூன்று நாளுக்கு அறை போட்டு, இரண்டு பேருக்கும் நீச்சல் உடையும் வாங்கி அனுப்பிவிட்டாள். “நான் எங்கடி வர்றது, டெஸ்ட் இருக்கு” என்று மேடம் தப்பிக்கப் பார்த்தார். “வருஷக் கடைசி, லைசென்ஸ் ஆபீஸே ஒரு வாரம் லீவு. எனக்குத் தெரியாதாம்மா?” என்று மகள் போனை வைத்துவிட்டாள்.

விடுதியில் அறைகளை விடக் குளங்கள்தான் பிரசித்தம். சரிவில் படிப்படியாக மூன்று குளங்கள், மூன்றும் திறந்த வெளியில், மூன்றிலும் வெந்நீர். கீழே இருப்பது இடுப்பளவு, பிள்ளைகளுக்கு. நடுவில் இருப்பது நெஞ்சளவு, நீளமானது. எல்லாவற்றுக்கும் மேலே, சரிவின் விளிம்பில், ஆழக்குளம். அதில் காலுக்குத் தரை எட்டாது.

வெள்ளிக்கிழமை காலை மேடம் கதவைத் திறந்து வெளியே வந்தார். முழங்கால் வரை, முழங்கை வரை மூடிய கருநீல நீச்சல் உடை. மேலே விடுதிக்காரர்கள் கொடுத்த தடித்த அங்கி. கதவுக்கும் நடுக்குளத்துக்கும் பன்னிரண்டு எட்டுதான். ஆனால் கல் தரை ஐஸ் போல இருந்தது. மூச்சு விட்டால் புகை வந்தது. அங்கியைக் கழற்றிக் கொக்கியில் மாட்டிய அந்த ஒரு நொடியில், பற்கள் தந்தி அடித்தன.

“ஓடு!” என்றார் கண்ணாடிக்காரர்.

“ஈரத் தரையில ஓடக் கூடாது, போர்டு இருக்கு” என்று சொல்லிக்கொண்டே மேடம் ஓடினார்.

முட்டியை மடக்கி உட்கார, கழுத்து வரை வெந்நீர் ஏறியது. தலைக்கு மேலே குளிர், தோளுக்குக் கீழே சூடு. ஆவி முகத்தில் தடவிக்கொண்டு போயிற்று. இருபது வருடமாகக் கிளட்சிலும் கியரிலும் மாட்டிக்கொண்டிருந்த முட்டிகள் இரண்டும், ‘இத்தனை நாள் இதை எங்கே வைத்திருந்தாய்?’ என்று கேட்பது போல இளகின.

“நல்லாதான் இருக்கு” என்றார் கடைசியில். மேடம் வாயில் அது முதல் வகுப்பு மார்க்.

கண்ணாடிக்காரர் ஆற்றங்கரையில் வளர்ந்தவர். தண்ணீரைக் கண்டால் பத்து வயது குறைந்துவிடும். லைஃப்கார்டு வேலையில் இருந்த இளம்பெண்ணிடம் போய் ஏதோ பேசினார், நடுக்குளத்தை ஒரு தடவை நீந்திக் கடந்தார், மல்லாந்து மிதந்தார். அந்தப் பெண் அவர் மணிக்கட்டில் நீல நிற ரப்பர் பட்டை ஒன்றை மாட்டினாள். அவர் படியேறி ஆழக்குளத்துக்குப் போய்விட்டார்.

மேடமும் பின்னாலேயே படியேறினார். மூன்றாவது படியில் விசில் ஊதியது.

“மேடம், நீலப் பட்டை இருக்கா?”

“அவர் என் வீட்டுக்காரர்.”

“அவருக்குப் பட்டை இருக்கு. உங்களுக்கு?”

மேடம் இறங்கி வந்தார். நடுக்குளத்தின் ஓரத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தார். மேலேயிருந்து ஆவி வந்தது, யார் யாரோ சிரிக்கும் சத்தம் வந்தது. மஞ்சள் தொப்பி போட்ட ஒரு எட்டு வயதுப் பெண்குழந்தை, மணிக்கட்டில் நீலப் பட்டையோடு, அவரைத் தாண்டிப் படியேறிப் போயிற்று.

கண்ணாடிக்காரர் இறங்கி வந்தபோது முகமெல்லாம் சிவந்து பளபளவென்று இருந்தார்.

“அடடா, நீ பாக்கணும்! அந்தப் பக்கம் சுவரே கிடையாது. தண்ணி விளிம்புல வழிஞ்சு அப்படியே பள்ளத்தாக்குல விழற மாதிரி இருக்கு. காலையில ஆறு மணிக்கே திறக்கறாங்களாம். சூரியன் நேரா எதிர்ல வருமாம். ஆவியெல்லாம் தங்கமா மாறுமாம்.”

“நான் எப்படிப் பாக்கறது? உங்க விசில்காரி விடமாட்டேங்கறா.”

“சரி விடு. நானும் போகல. ஞாயித்துக்கிழமை காலையில ரூம்ல உக்காந்து காபி குடிக்கலாம், ஜன்னல் வழியா பாக்கலாம்.”

“ஜன்னல் கார் நிறுத்தற பக்கம் பாத்து இருக்கு.”

“அப்ப நம்ம காரைப் பாக்கலாம்.”

மேடம் சிரிக்கவில்லை. கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு மேலே ஆவியையே பார்த்தார். பிறகு, மாணவர்களுக்கு நாள் குறிக்கும் அதே குரலில் சொன்னார்: “ஞாயித்துக்கிழமை காலையில ஆறு மணிக்கு நான் அந்தக் குளத்துல இருப்பேன். உங்க பக்கத்துல. கல்யாண நாளும் அதுவுமா உங்களைத் தனியா மிதக்க விட்டுட்டு நான் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கமாட்டேன்.”

லைஃப்கார்டு பெண்ணிடம் போய் விவரம் கேட்டார். டெஸ்ட் தினமும் இரண்டு தடவை: காலை பத்து, மாலை நான்கு. நடுக்குளத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை நீந்த வேண்டும். கால் தரையில் படக் கூடாது, கை பக்கச் சுவரில் படக் கூடாது. பிறகு முப்பது எண்ணும் வரை மல்லாந்து மிதக்க வேண்டும்.

“எவ்வளவு நாள் பழகணும்?” என்று கேட்டார் மேடம்.

“சிலர் ஒரு வாரம், சிலர் ஒரு மாசம்.”

“என்கிட்ட இன்னிக்கும் நாளைக்கும்தான் இருக்கு.”

அந்தப் பெண் விசிலை வாயிலிருந்து எடுத்து, அவரை மேலும் கீழும் பார்த்தாள். “அப்ப இங்க நின்னு பேசிட்டு இருக்காதீங்க மேடம்” என்றாள்.

மேடம் கணவரிடம் திரும்பி வந்தார். “சொல்லிக் கொடுங்க. ஃபீஸ் என்ன?”

கண்ணாடிக்காரர் தாடையைத் தடவினார். இப்படியொரு நாள் வரும் என்று பதினோரு வருடமாகக் காத்திருந்தவர் போல இருந்தது அவர் பார்வை. “உனக்குப் பட்டை கிடைச்சா, ஊருக்குத் திரும்பும்போது நான் ஓட்டுவேன்.”

“மலைப்பாதையிலயா? வளைவு பதினாலு இருக்கு!”

“விடுதி கேட்லேர்ந்து மெயின் ரோடு வரைக்கும். ரெண்டு கிலோமீட்டர். நேரான ரோடு. ஆனா ஒரு கண்டிஷன். நீ உன் பக்கத்து பிரேக்கைத் தொடக் கூடாது.”

டிரைவிங் ஸ்கூல் காரில் சொல்லிக்கொடுப்பவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. மேடத்தின் வலது கால், தூக்கத்தில்கூட அதன் மேல்தான் இருக்கும். சோபாவில் உட்கார்ந்து டிவியில் கார் துரத்தும் காட்சி பார்த்தால், தரை விரிப்பு நகர்ந்துவிடும்.

மேடம் குனிந்து தன் வலது காலைப் பார்த்தார். “சரி” என்றார் கடைசியில், பல் பிடுங்கச் சம்மதிப்பவர் போல.

பாடம் ஆரம்பித்தது.

கண்ணாடிக்காரர் நடுக்குளத்தில் நின்று, மேடத்தைக் குப்புறப் படுக்கவைத்து, வயிற்றின் கீழ் இரண்டு கைகளையும் கொடுத்துத் தாங்கினார்.

“உடம்பை விடு. தண்ணி தாங்கும்.”

“தாங்கறது தண்ணியா, நீங்களா?”

“ரெண்டு பேரும். நீ பேசாம இரு.”

“அங்க ஒருத்தர் வலது பக்கமா வர்றார், பாத்துப் போங்க.”

“நீதான் போறே, நான் நிக்கறேன். அவரை நான் பாத்துக்கறேன்.”

“அவர் பாத்துக்கிட்டு வரலியே! தொப்பி கண்ணை மறைக்குது பாருங்க!”

தாங்கியிருக்கும்வரை மிதந்தார். கண்ணாடிக்காரர் கையை ஓர் அங்குலம் தளர்த்தினாரோ இல்லையோ, மேடம் கல் போலக் கீழே போனார். ஒவ்வொரு தடவையும் மூக்கில் தண்ணீர். ஒவ்வொரு தடவையும் தும்மல். எழுந்ததும் முதல் கேள்வி: “கையை விட்டீங்களா?”

“கொஞ்சம் தளர்த்தினேன்.”

“சொல்லாம விடாதீங்க. சொல்லிட்டு விடுங்க.”

“சரி, இனிமே சொல்லிட்டு விடறேன்” என்றார் அவர். அந்த வார்த்தையை அவர் கடைசி வரை காப்பாற்றினார்.

வெள்ளிக்கிழமை முழுதும் கீழே போவதும் மேலே வருவதுமாகப் போயிற்று. மஞ்சள் தொப்பிக் குழந்தை கரையில் காலைத் தொங்கப் போட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தது. பதினேழாவது தடவை மேடம் மூழ்கி எழுந்தபோது அது சொன்னது: “ஆன்ட்டி, உங்க ஒரு கால் மட்டும்தான் முழுகுது.”

“என்னது?”

“வலது கால். அது முதல்ல கீழ போகுது. அப்புறம் நீங்க போறீங்க.”

கண்ணாடிக்காரர் குழந்தையைப் பார்த்தார். மனைவியைப் பார்த்தார். தலையில் கை வைத்துக்கொண்டு, தண்ணீரிலேயே மடங்கி மடங்கிச் சிரிக்க ஆரம்பித்தார்.

“என்னங்க சிரிப்பு? மூக்கெல்லாம் எரியுது எனக்கு!”

“நீ பிரேக் போடறே!”

“எதைப் போடறேன்?”

“நான் கையைத் தளர்த்தின உடனே பயந்து பிரேக்கை மிதிக்கறே. தண்ணியில ஏதும்மா பிரேக்? கால் கீழ போகுது, நீயும் கூடவே போறே!”

மேடம் நம்பவில்லை. இன்னொரு தடவை படுத்துப் பார்த்தார். இந்தத் தடவை தன் காலையே கவனித்தார். கணவர், “விடறேன்” என்று சொன்ன மறு நொடி, வலது கால் யாரையும் கேட்காமல், இருபது வருடப் பழக்கத்தில், சரக்கென்று கீழே இறங்கியது.

“துரோகி” என்றார் மேடம், காலைப் பார்த்து.

வியாதி தெரிந்தால் பாதி குணம் என்பார்கள். மீதிப் பாதிதான் கஷ்டம். வெள்ளி சாயங்காலத்துக்குள், காலை நினைவில் வைத்துக்கொண்டால் நாலைந்து கை தூரம் போக முடிந்தது. மறந்தால் முழுகினார். ஆனால் மேடத்துக்கு அவசரம். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, கணவர் தடுத்தும் கேட்காமல், டெஸ்டுக்குப் போய் நின்றார்.

விசில் ஊதியது. மேடம் கையை வீசிப் போனார். கால்வாசித் தூரம் தாண்டியது. பாதி வந்தது. அந்த நேரம் பார்த்து ஒரு பெரியவர், தலையைத் தூக்காமல் குறுக்கே நீந்தி வந்தார்.

மேடம் பிரேக் போட்டார்.

நடுக்குளத்தின் நட்ட நடுவில், நெஞ்சளவுத் தண்ணீரில் நேராக நின்றுகொண்டிருந்தார். விசில் நீளமாக ஊதியது.

“கால் பட்டிருச்சு மேடம்.”

“சும்மா லேசா தொட்டேன். அவர்தான் குறுக்க வந்தார், நான் சரியாத்தான்...” என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். அந்த வார்த்தைகளை எங்கேயோ கேட்ட ஞாபகம். எங்கேயோ என்ன, வாரத்துக்கு மூன்று பேர் அவரிடம் இதையேதான் சொல்வார்கள். ‘கம்பத்தை லேசாத்தான் தொட்டேன் மேடம், அந்த ஆடுதான் குறுக்க வந்தது மேடம்.’

“சாயந்திரம் நாலு மணிக்கு வாங்க” என்றாள் அந்தப் பெண். குரலில் கோபமில்லை, இரக்கமும் இல்லை. மேடம் இருபது வருடமாகப் பேசுவதும் அதே குரல்தான். அந்தப் பக்கம் நின்று கேட்டால் இப்படித்தான் இருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது.

அறைக்குப் போய் அங்கியோடு கட்டிலில் குப்புற விழுந்தார். கண்ணாடிக்காரர் இரண்டு கோப்பை தேநீரோடு வந்தார். மேடம் எழுந்திருக்கவில்லை.

“நீங்க நாளைக்குக் காலையில தனியா போங்க. நான் தூங்கறேன்.”

“தேநீர் ஆறுது.”

“ஆறட்டும்.”

“நாலு தடவை ஃபெயிலானவன் நான். ஒரு தடவை ஃபெயிலானதுக்கு இந்த அழிச்சாட்டியமா?”

மேடம் தலையணைக்குள்ளிருந்து முகத்தைத் திருப்பினார். வெகு நாளாகக் கேட்க வேண்டும் என்றிருந்த கேள்வி ஒன்று வெளியே வந்தது. “ஆமா, நீங்க ஏன் நாலு தடவையும் கம்பத்துல இடிச்சீங்க? வளைவெல்லாம் சரியா போடுவீங்க. ரிவர்ஸ்கூட நல்லா வரும். கடைசியில நிறுத்தத் தெரியாதா?”

கண்ணாடிக்காரர் கோப்பையைக் கீழே வைத்தார். கொஞ்சம் வெட்கமாகச் சிரித்தார்.

“உண்மையைச் சொல்லவா? உன்கூட ஓட்டும்போது நான் நிறுத்தினதே இல்லை. நான் காலை எடுத்து பிரேக்குக்குக் கொண்டுபோறதுக்குள்ள வண்டி நின்னுடும். நீ மிதிச்சிருப்பே. டெஸ்ட்ல நீ பக்கத்துல இல்லை. கம்பம் வந்தது. வழக்கம்போல தானா நின்னுடும்னு உக்காந்திருந்தேன்.”

மேடம் எழுந்து உட்கார்ந்தார்.

“பதினோரு வருஷமா இதை ஏன் சொல்லல?”

“சொல்லலாம்னு வாயைத் திறப்பேன். அதுக்குள்ள நீ பிரேக் போட்டுடுவே.”

மேடம் தலையணையை எடுத்து முகத்தை மூடிக்கொண்டார். பிறகு மேடத்தின் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. அழுகிறாரோ என்று கண்ணாடிக்காரர் பதறிப் பக்கத்தில் வந்தார். அழுகை இல்லை, சிரிப்பு. கண்ணில் நீர் வர, விக்கல் வர, கட்டில் குலுங்கக் குலுங்கச் சிரித்தார்.

“நாலு கம்பங்க! நாலு கம்பத்துக்கும் நான்தான் தண்டம் கட்டினேன்!”

“நியாயம்தானே? இடிச்சது நீதானே!”

சிரித்து ஓய்ந்ததும் கண்ணாடிக்காரர் அந்த வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கடையில் கண் பரிசோதிக்கும்போது வரும் அந்தக் கூர்மை முகத்தில் வந்தது. “குப்புறப் படு” என்றார்.

“எதுக்கு?”

“படு, சொல்றேன்.”

மேடம் கட்டிலில் குறுக்காகக் குப்புறப் படுத்தார். முழங்காலுக்குக் கீழே கால்கள் கட்டிலுக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தன. கண்ணாடிக்காரர் பின்னால் நின்று, இரண்டு முட்டிகளையும் தவளை மாதிரி மடக்கி, இரண்டு பாதங்களிலும் தன் உள்ளங்கைகளை வைத்தார்.

“அந்தக் கால் மிதிக்காம இருக்காது. இருபது வருஷத்துப் பழக்கம், ரெண்டு நாள்ல போகாது. அதனால மிதி. நல்லாவே மிதி. ஆனா கீழ மிதிக்காதே, பின்னால மிதி. பிரேக் பின்னாடி இருக்கு, மேடம்! முன்னாடி ஒரு எருமை வருது... மிதி!”

மேடம் மிதித்தார்.

கண்ணாடிக்காரர் பறந்து போய் சோபாவில் மல்லாந்து விழுந்தார். மேடம் படுக்கை விரிப்போடு சறுக்கி, கட்டிலின் அந்தப் பக்கம் தலை தொங்க வந்து நின்றார். அதே சமயம் கதவு திறந்தது. துண்டு மாற்ற வந்த பணியாளர் ஒரு கணம் பார்த்தார். “அப்புறமா வர்றேன் சார்” என்று கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

சோபாவிலிருந்து தீனக்குரல் வந்தது. “பாத்தியா? நீ எவ்வளவு தூரம் முன்னால போயிருக்கே!”

மேடம் தலைகீழாகத் தொங்கிக்கொண்டே அளந்து பார்த்தார். முழுசாக ஒரு முழம் போயிருந்தார். பிரேக் போட்டு, முன்னால் போயிருந்தார்.

மதியம் முழுவதும் நடுக்குளத்தில் இதுதான் நடந்தது. கண்ணாடிக்காரர் முன்னால் நடந்தபடி கூவுவார்: “சைக்கிள் வருது!” மேடம் இரண்டு கால்களையும் மடக்கிப் பின்னால் மிதிப்பார், ஜிவ்வென்று முன்னால் வருவார். “ஆடு வருது!” இன்னொரு மிதி. “லாரி!” பெரிய மிதி. மஞ்சள் தொப்பிக் குழந்தைக்கு இந்த விளையாட்டு பிடித்துப்போய், அதுவும் கரையோடு ஓடி ஓடி, “யானை வருது ஆன்ட்டி! ரயில் வருது! எங்க ஹெட்மிஸ்டிரஸ் வர்றாங்க!” என்று கத்தியது.

மூன்றரை மணிக்குக் கண்ணாடிக்காரர் நடையை நிறுத்தி, “கையை விடறேன்” என்றார்.

“எப்பவோ விட்டுட்டீங்களே?”

“இல்லை, தாவாங்கட்டைக்குக் கீழ ஒரு விரல் வெச்சிருந்தேன். சொல்லாம விடக் கூடாதுன்னியே.”

மேடம் கணவரின் முகத்தைப் பார்த்தார். ஆவியில் நனைந்து, கண்ணாடி இல்லாமல், சுருங்கிய கண்களோடு இருந்தது. ‘நான் ஒரு தடவையாவது இவரிடம் சொல்லிவிட்டு மிதித்திருக்கிறேனா?’ என்று தோன்றியது. “சரி, விடுங்க” என்றார்.

நான்கு மணி.

இந்தத் தடவை கரையில் கூட்டம். துண்டு மாற்ற வந்த பணியாளர்கூட நின்றிருந்தார். கண்ணாடிக்காரர் அந்தக் கோடியில் நின்றார். டெஸ்டின்போது யாரும் குரல் கொடுக்கக் கூடாது என்பது விதி. அவர் வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

விசில்.

மேடம் முகத்தைத் தூக்கி, முட்டியை மடக்கி, மிதித்தார். தண்ணீர் அவரைத் தள்ளிக்கொண்டு போனது. சைக்கிள். ஆடு. லாரி. பாதித் தூரம் வந்தது. அங்கே, காலையில் வந்த அதே பெரியவர், அதே மாதிரி தலையைத் தூக்காமல், குறுக்கே வந்தார்.

கரையில் எல்லோருக்கும் மூச்சு நின்றது.

மேடம் பயந்தார். பயந்த நொடியில் வலது கால் துள்ளியது. இடது காலும் கூடவே துள்ளியது. மேடம் தன் வாழ்க்கையின் மிகப் பெரிய பிரேக்கைப் போட்டார், பின்னால். படகு மாதிரி சீறிக்கொண்டு பெரியவரின் மூக்குக்கு முன்னால் கடந்து, அந்தப் பக்கம் போனார். பெரியவர் தலையைத் தூக்கி, “யாரும்மா அது, ஹார்ன்கூட அடிக்காம?” என்றார்.

கை எதிர்ச்சுவரைத் தொட்டது. கரையில் கைதட்டல்.

“இன்னும் முடியல” என்றாள் லைஃப்கார்டு பெண். “மல்லாந்து மிதக்கணும். முப்பது.”

மேடம் மல்லாந்து படுத்தார். காது தண்ணீருக்குள் போனதும் கைதட்டல், குழந்தையின் கூச்சல் எல்லாம் அடங்கிவிட்டன. வெளிறிய குளிர்கால வானம் மட்டும் மேலே இருந்தது. ஒன்று, இரண்டு என்று விசில்காரியின் விரல்கள் மடங்கின. பத்து. பதினைந்து. பதினெட்டில் வலது கால் லேசாகக் கனத்தது. எதிரில் எருமையும் இல்லை, லாரியும் இல்லை. ஒன்றுமே வராதபோது பிரேக் போடாமல் இருப்பதுதான் அந்தக் காலுக்குத் தெரியாத வித்தை. மெல்ல இறங்க ஆரம்பித்தது.

மேடம் ஒரு காரியம் செய்தார். இடது கணுக்காலைத் தூக்கி, வலது கணுக்காலின் மேல் போட்டுப் பூட்டினார். வெயிலில் கட்டில் போட்டுப் படுத்தவர் போல, கால் மேல் கால் போட்டுக்கொண்டு மிதந்தார்.

லைஃப்கார்டு பெண் கையிலிருந்த விதி அட்டையைத் திருப்பிப் பார்த்தாள். கால் மேல் கால் போடக் கூடாது என்று அதில் எங்கும் இல்லை. இருபத்தெட்டு, இருபத்தொன்பது, முப்பது.

நீலப் பட்டையை மாட்டும்போது அவள் முதல் தடவையாகச் சிரித்தாள். “நீங்க என்ன வேலை பாக்கறீங்க மேடம்?”

“உன்னை மாதிரிதான். ஃபெயில் போடற வேலை.”

ஞாயிறு காலை ஆறு மணிக்கு ஆழக்குளத்தில் இரண்டு தலைகள் தெரிந்தன. தெரிந்தன என்பதுகூட அதிகம். பள்ளத்தாக்கிலிருந்து ஏறிய மூடுபனியும் குளத்து ஆவியும் கட்டிப்புரண்டு, ஒருவருக்கொருவர் முகம் தெரியவில்லை.

“எங்கங்க உங்க சூரியன்?”

“வரும். லீவு நாள், கொஞ்சம் லேட்டா எழுந்திருக்கும்.”

“தங்கமா மாறும்னீங்க. எல்லாம் சுண்ணாம்பு அடிச்ச மாதிரி இருக்கு.”

“நீ எங்க இருக்கே?”

“எனக்கென்ன தெரியும்? காலுக்குக் கீழ எதுவுமே இல்லை.” சொல்லிவிட்டுத்தான் மேடத்துக்கு அது உறைத்தது. காலுக்குக் கீழே எதுவுமே இல்லை. இருந்தும் அவர் அங்கே இருந்தார். தோளுக்குக் கீழே வெந்நீர், மூக்கு நுனியில் குளிர், தலைமுடியில் பனித்துளிகள் வெள்ளை வெள்ளையாய். பயம் எங்கே என்று தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. நீரைப் பின்னால் ஒரு மிதி மிதித்தார். கணவரின் தோளில் போய் முட்டினார்.

“இண்டிகேட்டர் போட்டு வரக் கூடாதா?”

“இருபத்தஞ்சு வருஷம் ஆச்சு. இனிமே என்ன இண்டிகேட்டர்?”

அப்போதுதான் மூடுபனியின் நடுவில், ஆரஞ்சு நிறத்தில் சட்டைப் பொத்தான் அளவுக்கு ஒன்று தெரிந்தது. இரண்டு பேரும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு பார்த்தார்கள். பொத்தான் தட்டாயிற்று. வெள்ளையெல்லாம் மஞ்சளாகி, மஞ்சளெல்லாம் பொன்னாகி, கண்ணாடிக்காரரின் நரைத்த மீசையும் பொன்னாயிற்று. தண்ணீர் விளிம்பில் வழிந்து, பள்ளத்தாக்கில் விழுவது போலவே இருந்தது. அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூட மிகையில்லை.

“நல்லா இருக்கா?” என்றார் அவர்.

மேடம் விளிம்பை விட்டுவிட்டு, மல்லாந்து, கால் மேல் கால் போட்டுக்கொண்டார்.

பகல் பன்னிரண்டு மணிக்கு அறையைக் காலி செய்தார்கள். பெட்டியை வைத்தாயிற்று. மேடம் சாவியை நீட்டினார். கண்ணாடிக்காரர் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்து, கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பெல்ட்டை மாட்டினார். மேடம் பக்கத்து இருக்கையில் ஏறினார்.

“ஞாபகம் இருக்கில்ல?” என்றார் அவர்.

“இருக்கு.”

மேடம் செருப்பைக் கழற்றினார். இரண்டு கால்களையும் இருக்கையின் மேல் தூக்கி, சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வலது கால் அடியில், இடது கால் மேலே. அதற்கும் மேலே கைப்பையையும் வைத்துக்கொண்டார்.

கார் நகர்ந்தது. காவலாளி மறுபடியும் தொட்டிக்குப் பின்னால் போனார். இந்தத் தடவை அவருக்குக் காரணம் இருந்தது.

ரோடு நேராக இறங்கியது. இரண்டு பக்கமும் மரங்கள். கார் இரண்டாவது கியரில், பிறகு மூன்றாவதில் போயிற்று. கைப்பைக்கு அடியில் என்னவோ துடித்தது. மேடம் அதன் மேல் இரண்டு கையையும் வைத்து அழுத்திக்கொண்டார். தூரத்தில் மெயின் ரோடு தெரிந்தது. குறுக்கே ஒரு பஸ் போயிற்று. பக்கத்தில் வரவர, மேடம் உதட்டைக் கடித்தார், வாயைத் திறந்தார், மூடினார்.

கண்ணாடிக்காரரின் கால் நகர்ந்தது. தானாக, சொந்தமாக, சரியான இடத்துக்குப் போயிற்று. கார் வேகம் குறைந்து, வெள்ளைக் கோட்டுக்கு ஒரு சாண் முன்னால், குலுங்காமல் நின்றது.

இரண்டு பேரும் அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“நான்தான் நிறுத்தினேன்” என்றார் கண்ணாடிக்காரர், அவராலேயே நம்ப முடியாமல்.

“பாத்தேன்.”

“நீ தொடல?”

“எந்தக் காலால தொடறது? ரெண்டும் மரத்துப் போச்சு.”

அவர் சிரித்துக்கொண்டே பெல்ட்டைக் கழற்றப் போனார். ஒப்பந்தம் மெயின் ரோடு வரைதான். மேடம் சம்மணத்தைக் கலைக்கவில்லை. ஜன்னல் வழியாக வலது பக்கம் பார்த்தார், இடது பக்கம் பார்த்தார். ரோடு காலியாக இருந்தது.

“இண்டிகேட்டரைப் போடுங்க, சார்” என்றார்.